ஈயத்தை நம்பி வந்த யோங் கூன்

நம் வீடுகளில் ரசம் வைக்க ஈயச் சொம்பு இருந்த காலம் உண்டு. வெறும் சொம்பை அடுப்பில் ஏற்றிவிட்டால் போச்சு, உருகி ஒழுகிவிடும். மாமியாரிடம் ஏச்சு வாங்காத மருமகள் உண்டா? அந்த ஈயத்தை நம்பிக் கடல் தாண்டி வந்த சீனச் சிறுவன் ஒருவனின் கதையை இன்று சொல்கிறோம்.

யோங் கூன், சீனாவின் சுவாத்தோவ் துறைமுகத்தில் கப்பலேறி 1885-இல் கோலாலம்பூர் வந்தபோது வயது 14. மறு வருஷந்தான் கிள்ளான் பாதையில் ரயில் ஓடியது. பிரிக்பீல்ட்ஸில் ஊர் கட்டச் செங்கல் சுட்டுக்கொண்டிருந்தார்கள். நம்ம ஆளுங்க காப்பித் தோட்டத்தில் வெயிலில் நின்றார்கள். ரப்பர் பிறகு வந்தது.

சுரங்கத்து ஈயம் பெரும்பாலும் கப்பலேறிப் போய்விடும். கூலிக்காரன் கையில் தங்காது. யோங் கூன் அதை உருக்கி, அச்சில் ஊற்றி, சுத்தியலால் தட்டிப் பற்றவைத்தார். மெருகு ஏற்ற எந்திரமா இருந்தது? கல் இலை என்கிற சொரசொரப்பான காட்டு இலையால் தேய்க்க வேண்டியதுதான். சீனர் வீட்டுச் சாமி மேடைக்கு ஊதுபத்திக் கிண்ணம், மெழுகுவர்த்தித் தண்டு, பிறகு தேத்தண்ணிக் கூஜா. ஈயம் மெத்தென்றிருக்கும் என்பதால் கொஞ்சம் செம்பும் அண்டிமணியும் சேர்ப்பார்கள். அதுதான் பியூட்டர். (நாம் சொல்வது வெள்ளீயம். காரீயம் விஷம், சமையலுக்கு ஆகாது.)

அமெரிக்காவில் போஸ்டன் நகரத்து பால் ரிவியர் என்ற தட்டார், வெள்ளியில் காப்பிக் கூஜா செய்து தன் பெயரை முத்திரையாகக் குத்துவார். யோங் கூனும் தன் கடை முத்திரையைக் குத்தினார். ஜப்பான்காரன் காலத்தில் பசியோடு அலைந்த ஒருவர் தரையில் கிடந்த கூஜாவை எடுக்கக் குனிந்தாராம்; துப்பாக்கிக் குண்டு தலைக்கு மேலே போய்விட்டதாம். அது யோங் கூன் கைவேலை என்று பிற்பாடு அந்த முத்திரைதான் காட்டிக்கொடுத்தது என்பார்கள். நம்புவது வாசகர் விருப்பம்.

வெள்ளைக்காரத் துரைமார் சாம்பல் கிண்ணமும் பீர்க் குவளையும் கேட்டபோது பிள்ளைகள் அதையும் செய்தார்கள். அண்ணன் தம்பிச் சண்டையும் வந்தது. எந்த வீட்டில்தான் இல்லை! அவர்களில் பெங் காய் நிலைத்து நின்றார். 1979-இல் சிலாங்கூர் சுல்தானின் அரச அங்கீகாரம் கிடைத்தது. 1992 முதல் ராயல் சிலாங்கூர் என்று பெயர்.

ரப்பர் விலை விழுந்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். சிறுவன் வந்து சரியாக 100 வருஷம் கழித்து, 1985-இல் உலகச் சந்தையில் ஈய விலை அப்படித்தான் விழுந்தது. சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன, லம்பத்துக் குழிகளில் தண்ணீர் நின்றது. செத்தாப்பாக்கில் கூஜா செய்கிறவர்களின் சுத்தியல் மட்டும் நிற்கவில்லை.