ஜெர்ரி தாமஸ்: நெருப்பும் நூலும்

கள்ளுண்ணாமைக்குத் தனி அதிகாரம் வகுத்த வள்ளுவரைப் போற்றும் நாம், மது கலந்து தந்த ஒருவரின் வாழ்வை நினைவுகூர்தல் முறையாகுமா என்னும் வினா எழலாம். இங்குப் பேசப்படுவது மதுவின் பெருமை அன்று. கையோடு மறைந்துபோகும் தொழிலறிவை ஏட்டில் ஏற்றிய ஒருவரின் பணியே ஆகும்.

ஜெர்ரி தாமஸ் 1830ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், சாக்கெட்ஸ் ஹார்பர் என்னும் ஏரிக்கரை ஊரில் பிறந்தார். இளமையில் நியூ ஹேவன் நகரில் மதுக்கூடத் தொழிலைப் பயின்றார். 1849இல் பொன் தேடிக் கலிபோர்னியாவுக்குத் திரண்டோருள் அவரும் ஒருவர். ஆயினும் அவருக்கு நிலைத்தது பொன்னன்று, கைப்பக்குவமே. சான் பிரான்சிஸ்கோ, செயின்ட் லூயிஸ், நியூயார்க் எனப் பல நகரங்களில் அவர் பெயர் பரவியது.

அவருக்குப் பெரும்புகழ் தேடித் தந்தது 'புளூ பிளேசர்' என்னும் கலவை. கொதிநீர் கலந்த விஸ்கிக்குத் தீயிட்டு, எரியும்போதே ஒரு குவளையிலிருந்து மற்றொரு குவளைக்கு மாறிமாறி ஊற்றுவார். நீலநெருப்பு அருவியென வீழும். வாணவேடிக்கைக்குப் பெயர்பெற்ற மண்ணில் வாழும் நமக்கு அக்காட்சியை விளக்க வேண்டுவதில்லை. நெருப்போடு பழகுவோர்க்கு அளவு தவறாமையும் கை நடுங்காமையும் எத்துணை இன்றியமையாதன என்பதை நாம் அறிவோம்.

அக்காலத்தில் கலவை அளவுகள் பெரும்பாலும் ஆசானிடமிருந்து மாணாக்கனுக்குச் செவிவழியாகவே சென்றன. தாமஸ் அவற்றைத் தொகுத்து 1862இல் நூலாக அச்சிட்டார். அமெரிக்காவில் வெளிவந்த இவ்வகை நூல்களுள் இதுவே முதலாவது. தம் தொழிலின் மறைபொருளைப் பொதுவாக்கியதால் அவர் புகழ் குறையவில்லை, வளர்ந்தது.

அவரது இறுதிக்காலம் இனிதாக அமையவில்லை. பங்கு வாணிகத்தில் பொருளிழந்தார். தம் மதுக்கூடத்தையும் விற்க நேர்ந்தது. 1885ஆம் ஆண்டு டிசம்பர் 15ஆம் நாள், 55ஆம் வயதில், நியூயார்க்கில் காலமானார். ஈராண்டுகளில் அவரது நூல் திருத்திய பதிப்பாக மீண்டும் வெளிவந்தது.

அவர் ஏற்றிய நெருப்பு நொடிப்பொழுதில் அணைந்தது, அச்சேறியது நின்றது. சிவகாசியோ நெருப்புக்கும் அச்சுக்கும் ஒருசேரப் பெயர்பெற்ற ஊர். நாட்டுக்கெல்லாம் நாட்காட்டி அச்சிட்டுத் தரும் அவ்வூரில், மருந்து கலக்கும் முதியவர் கைகளில் உறையும் அறிவும், அவர்தம் தொழிற்சொற்களும், பட்ட துயரங்களும் எத்துணை அச்சேறின? பத்தாண்டு கண்ட நம் வட்டத்தின் கவிஞர்கள், அடுத்த பத்தாண்டில் அம்முதியவர்தம் திண்ணைகளில் அமர்ந்து கேட்டு எழுதுவார்களாயின், அதுவே தமிழுக்குச் செய்யும் தொண்டாகும்.