கணித மேதை இராமாநுஜரும் பிழை திருத்தும் குறிமுறையும்

சேலம், நாமக்கல் பகுதியினராகிய நமக்குக் கணித மேதை சீனிவாச இராமாநுஜர் அயலார் அல்லர். அவர் 1887-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள், காவிரிக்கு அக்கரையிலுள்ள ஈரோட்டில், தம் அன்னையாரின் பிறந்தகத்திற் பிறந்தார். நாமக்கல்லில் எழுந்தருளியுள்ள நாமகிரித் தாயாரே அவர்தம் குடும்பத்தார் வழிபட்ட தெய்வம். வழியிற் சிதைந்த செய்தியைச் செம்மைசெய்யும் இக்காலக் கலைக்கும் அவர் ஆராய்ச்சிக்கும் உள்ள தொடர்பைப் பலர் அறியார்.

கும்பகோணத்திற் பயின்ற இராமாநுஜர், கணிதம் ஒன்றிலேயே மனஞ்செலுத்தியமையால் ஏனைய பாடங்களிற் தேறாது உபகாரச் சம்பளத்தை இழந்தார். சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்தும் தேர்விற் தவறினார். 1912-இல் சென்னைத் துறைமுகத்திற் குமாஸ்தாவாக அமர்ந்தார். 1913-இல் கேம்பிரிட்ஜ் அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதம் அவர் வாழ்வை மாற்றியது. கடல் கடத்தற்கு இசையாதிருந்த அன்னையார், நாமகிரித் தாயார் கனவில் விடையளித்த பின்னரே இசைந்தனர் என்பர். 1914 மார்ச்சில் அவர் கப்பலேறினார்.

1916-இல் வெளியிட்ட கட்டுரையொன்றில், ஓர் எண்வரிசையிற் பகா எண்களுக்குரிய உறுப்புகள் குறித்ததோர் எல்லையை மிஞ்சா என ஊகித்தார்; அதனை நிறுவிற்றிலர். 1918-இல் ராயல் சங்கத்தின் அங்கத்தினரானார். நோயுற்று 1919-இல் தாயகம் மீண்டு, 1920 ஏப்ரல் 26-ஆம் நாள் 32-ஆம் வயதில் மறைந்தார். அவ்வூகத்தைப் பெல்ஜிய அறிஞர் டெலீன் 1974-இலேயே நிறுவினார்.

இதனாற் பயன் யாது? செய்தியை 0, 1 என்னும் இலக்கங்களாக அனுப்புங்கால் சில இலக்கங்கள் மாறிவிடுதல் உண்டு. 1 என்பதை 111 என அனுப்பின், 101 என வந்தாலும் பெரும்பான்மை நோக்கி உண்மையைத் தெளியலாம். ஆனால் செய்தி மும்மடங்காகும். 1950-இல் அமெரிக்க அறிஞர் ஹாமிங், நான்கு இலக்கங்களுடன் மூன்று சோதனை இலக்கங்களையே சேர்த்து ஒரு பிழையைத் திருத்தும் முறையை வெளியிட்டார். நெடுஞ்செய்தியிற் பல பிழைகளைத் திருத்துதற்கோ, ஒவ்வோர் இலக்கமும் பல சோதனைகளிற் பங்குபெறவேண்டும். பிழைகள் ஒரு சில சோதனைகளுக்குள் ஒளிந்துகொள்ளாதவாறு அத்தொடர்புகள் எங்கும் பரவிய வலையாதல் வேண்டும். அத்தகைய வலைகளை 1988-இல் அமைத்த அறிஞர்கள், இராமாநுஜர் ஊகத்தின் வழிவந்த தேற்றங்களால் அவற்றின் திறத்தை நிறுவி, அவர் பெயரையே இட்டனர். 1996-இல் சிப்ஸர், ஸ்பீல்மன் என்போர் இவ்வகை வலைகளைக் கொண்டு விரைவிற் பிழை திருத்தும் குறிமுறையை வகுத்தனர்.

இராமாநுஜர் இப்பயனைக் கருதி உழைத்தாரல்லர். உண்மையை நாடியே உழைத்தார். மாணவ நண்பர்காள்! உடனே பயன் தாராதென எக்கல்வியையும் இகழாதீர். தேர்விற் தவறினாரெனத் தோழர் எவரையும் எள்ளாதீர்.