சுனாமிக்குப் பின் டிவியில் ஒலித்த குழந்தைக் கவிதை: யார் இந்த கனெகோ மிசுசு?

2011 மார்ச் சுனாமிக்குப் பிறகு ஜப்பான் டிவியில் கம்பெனி விளம்பரங்கள் நின்றுபோயின. பதிலாக, பொதுநல விளம்பரமாக ஒரு குழந்தைக் கவிதை திரும்பத் திரும்ப ஒலித்தது. எழுதியவர் கனெகோ மிசுசு. அவர் இறந்து அப்போது 81 வருஷம்.

1903-ல் சென்சாகி என்ற மீனவ ஊரில் பிறந்தவர். அப்பா சீக்கிரமே இறந்துவிட, புத்தகக் கடை நடத்திய அம்மாதான் வளர்த்தார். மிசுசுவுக்கும் புத்தகக் கடை வேலைதான். 20 வயதில் பத்திரிகைகளுக்குக் கவிதை அனுப்பினார். ஒரே மாதத்தில் நான்கு இதழ்களில் வெளியானது! மீன்பாடு நல்லா இருந்தா கரையில் கொண்டாட்டம். ஆனா கடலுக்குள் மத்திகளுக்கு இழவு வீடாச்சே என்று யோசித்தவர் இவர்.

1926-ல் கல்யாணம். எழுதவே கூடாது என்று தடை போட்டார் கணவர். அவரிடமிருந்து பால்வினை நோயும் தொற்றியது. பிரிந்த பிறகு மகளையும் கேட்டார். அன்றைய சட்டம் அப்பா பக்கம். 1930-ல், 26 வயதில் மிசுசு உயிரை மாய்த்துக்கொண்டார். மகளைப் பாட்டி வளர்த்தார்.

கவிதைகள்? மூன்று சின்ன நோட்டுகளில் எழுதி, தம்பியிடம் கொடுத்திருந்தார். கல்லூரி நாளில் படித்த ஒற்றைக் கவிதைக்காக 16 வருஷம் அலைந்த எழுத்தாளர் யசாகி செட்சுவோ, 1982-ல் அந்தத் தம்பியைக் கண்டுபிடித்தார். நோட்டுகளில் இருந்தவை 512 கவிதைகள். இப்போது ஜப்பானில் ஆரம்பப் பள்ளிப் பாடப்புத்தகத்திலேயே மிசுசு இருக்கிறார்.