டொம் பெரின்யோன்

பியேர் பெரின்யோன் (1638 - 1715) பிரான்சின் ஷாம்பெயின் பகுதியில் வாழ்ந்த பெனடிக்ட் சபைத் துறவி ஆவார். 'டொம்' என்பது அச்சபைத் துறவியருக்குரிய மரியாதை அடைமொழி. நுரைக்கும் திராட்சை மதுவைக் கண்டுபிடித்தவர் என இவர் பரவலாக அறியப்படுகிறார். ஆனால் அது உண்மையன்று.

பணி

1668 ஆம் ஆண்டு, மார்ன் ஆற்றை நோக்கிய மலைச்சரிவில் எப்பெர்னே நகருக்கு அருகே அமைந்துள்ள ஓவில்லர் மடத்தின் பண்டகப் பொறுப்பாளரானார். மடத்தின் திராட்சைத் தோட்டமும் நிலவறையும் இவரிடம் ஒப்படைக்கப்பட்டன. இறக்கும் வரை 47 ஆண்டுகள் இப்பணியில் இருந்தார். கொடிகளை நன்கு கவாத்து செய்து விளைச்சலைக் குறைத்தல், காலைக் குளிரில் பறித்தல், மென்மையாகப் பிழிதல் ஆகியன இவர் முறைகளாகக் கூறப்படுகின்றன. வெவ்வேறு சரிவுகளில் விளைந்த பழங்களைப் பிழியும் முன்பே கலந்து சுவையைச் சமன்செய்ததே இவரது முதன்மையான பங்களிப்பு எனலாம்.

குமிழிகள்

அப்பகுதியின் குளிர்காலத்தில் நொதித்தல் பாதியில் நின்றுவிடும். இளவேனிலில் ஈஸ்ட் மீண்டும் செயற்படும்போது, அடைத்த புட்டிக்குள் கரியமில வாயு சேர்ந்து புட்டி வெடிக்கும், அருகிலுள்ளவையும் உடையும். எனவே குமிழிகளை இவர் குறைபாடாகவே கருதி, தடுக்க முயன்றார். இங்கிலாந்தில் கிறிஸ்டோபர் மெரட் 1662 இலேயே, சர்க்கரை சேர்த்து மதுவை நுரைக்கச் செய்யும் வழக்கத்தை விவரித்திருந்தார்.

பிரெஞ்சுப் புரட்சியின்போது மடம் மூடப்பட்டது. அதன் முன்னாள் துறவி டொம் குரோசார் 1821 இல் எழுதிய கடிதமே கண்டுபிடிப்புக் கதை பரவக் காரணமாயிற்று. பெரின்யோனின் உடல் ஓவில்லர் மடத்துக் கோவிலில் அடக்கம் செய்யப்பட்டுள்ளது.