சோப்புப் பெட்டியும் தொலைபேசியும்

திருவனந்தபுரத்தில் கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் நோக்கிச் செல்லும் நெடிய கடைத்தெருவுக்குச் சாலை என்பது பெயர். திருவிதாங்கூரின் திவானாக விளங்கிய இராஜா கேசவதாஸ் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கடைத்தெருவை உருவாக்கினார். நெல்லை, குமரிப் பகுதிகளிலிருந்து வந்த தமிழர் பலர் தலைமுறை தலைமுறையாக இங்கே துணி, பாத்திரம், நகை, பலசரக்கு முதலியவற்றை வாணிகம் செய்து வருகின்றனர்.

கைப்பேசிகள் வருவதற்கு முன், இத்தகைய கடைகளின் கல்லாப் பெட்டிக்கு அருகில் கருநிறத் தொலைபேசி ஒன்று இருக்கும். வெளியூர் வணிகரோடு பேசும்போது குரல் மங்கினால், முதலாளி வாயருகே உள்ள குமிழை மேசை விளிம்பில் இரண்டு முறை தட்டுவார். உடனே குரல் தெளிவடையும். தட்டினால் ஏன் தெளிவாகிறது என்பதைத் தட்டியவருள் பலர் அறியார். அதன் காரணம், பிழைப்புத் தேடிப் பிறந்த நாட்டை விட்டுச் சென்று, துணிக்கடையில் வேலை பார்த்த ஓர் இளைஞரின் வாழ்க்கையோடு தொடர்புடையது. அவர் பெயர் எமில் பெர்லினர்.

பெர்லினர் 1851ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் ஜெர்மனி நாட்டின் ஹனோவர் நகரில் பிறந்தார். யூதக் குடும்பம், பிள்ளைகள் பலர், வருவாய் குறைவு. ஆகவே பதினான்கு வயதோடு அவரது பள்ளிப்படிப்பு முடிந்தது. அச்சகத்தில் சிறிது காலம் பயிற்சி பெற்றபின் ஒரு துணிக்கடையில் சேர்ந்தார். துணிகளை விரித்துக் காட்டி மடித்து அடுக்குவதோடு அவர் நிற்கவில்லை. துணி எவ்வாறு நெய்யப்படுகிறது என்று ஆராய்ந்து, நெசவுப்பொறி ஒன்றையும் வடிவமைத்தார்.

அக்காலத்தில் ஐரோப்பாவில் போர் மேகம் சூழ்ந்திருந்தது. அமெரிக்காவின் வாஷிங்டன் நகரில் துணிக்கடை வைத்திருந்த குடும்ப நண்பர் ஒருவர் பெர்லினருக்கு வேலை தர முன்வந்தார். 1870இல், தமது பத்தொன்பதாம் வயதில், பெர்லினர் கப்பலேறினார். ஊர் புதிது, மொழி புதிது. தெரிந்த தொழில் கடைவேலை ஒன்றே. மூன்று ஆண்டுகளுக்குப் பின் நியூயார்க் சென்று கிடைத்த வேலைகளையெல்லாம் செய்தார். வேதியியல் ஆய்வகம் ஒன்றில் குடுவைகளைக் கழுவினார். இரவில் கூப்பர் கல்விக்கூடத்தில் பாடம் கேட்டார். மருந்துக்கடைக்காரர் ஒருவர் கொடுத்த இயற்பியல் நூல் அவருக்குப் பெருந்துணையாயிற்று. ஒலியும் மின்சாரமும் பற்றிய பகுதிகளை அவர் திரும்பத் திரும்பப் பயின்றார். பின்னர் மீண்டும் வாஷிங்டனுக்கே வந்து துணிக்கடை வேலையில் அமர்ந்தார்.

1876ஆம் ஆண்டு அலெக்சாண்டர் கிரகாம் பெல் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்றார். அவ்வாண்டு பிலடெல்பியா நகரில் நடந்த பெருங்கண்காட்சியில் அக்கருவி பேசக் கண்டோர் வியந்தனர். ஆயினும் அதில் ஒரு பெருங்குறை இருந்தது. பேசுபவரின் குரல் ஒரு மெல்லிய இரும்புத் தகட்டை அதிரச் செய்யும். அத்தகடு காந்தத்தின் அருகே அதிர்வதால் கம்பிச்சுருளில் மிகச் சிறிய மின்னோட்டம் தோன்றும். அம்மின்னோட்டம் முழுவதும் குரலின் வலிமையிலிருந்தே பிறக்க வேண்டும். மனிதக் குரலுக்கு உள்ள வலிமை எவ்வளவு? பேசுபவர் தொண்டை வறளக் கத்தினாலும், மறுமுனையில் கேட்பவர் காதைக் கருவியோடு அழுத்திக்கொண்டு திணற வேண்டியிருந்தது. கேட்பதற்கு நன்கு பயன்பட்ட அவ்வமைப்பு, பேசுவதற்குப் போதவில்லை.

இக்குறையைக் களையப் பெர்லினர் முனைந்தார். தீயணைப்பு நிலையத்தின் தந்திப் பிரிவில் பணியாற்றிய நண்பர் ஒருவரிடம் அவர் தந்தி அடிக்கப் பழகி வந்தார். ஒருநாள் பெர்லினர் தந்தி விசையை மென்மையாக அழுத்துவதைக் கண்ட நண்பர், இன்னும் அழுத்தி அடிக்குமாறு கூறினார். விசையின் இரு உலோக முனைகளும் நன்கு அழுந்தினால் மிகுதியான மின்சாரம் பாயும் என்பதும், மெல்லத் தொட்டால் குறைவாகவே பாயும் என்பதும் தந்தி ஊழியர்கள் அனுபவத்தில் அறிந்தவை. நண்பருக்கு அது அன்றாடத் தொழில் நுணுக்கம். பெர்லினருக்கோ அது தேடிக்கொண்டிருந்த விடை.

குரல் மின்சாரத்தை உண்டாக்க வேண்டியதில்லை. மின்கலத்திலிருந்து ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் மின்சாரத்தைக் கூட்டிக் குறைத்தால் போதும் என்று அவர் உணர்ந்தார். குழாயைத் திருகும் விரலுக்கு நீரைத் தள்ளும் வலிமை வேண்டுமா? தொட்டியில் இருக்கும் நீரே பாய்ந்து வரும். விரல் அதன் அளவை மாற்றினால் போதும். குரலும் அவ்விரலைப் போன்றே வேலை செய்யலாம் அன்றோ?

வாடகை அறையில், கடைவேலை முடிந்த பொழுதுகளில், பெர்லினர் தம் கருவியைச் செய்தார். அதற்கு அவர் பயன்படுத்தியவை மிக எளிய பொருள்கள். ஒரு சோப்புப் பெட்டியில் மெல்லிய இரும்புத் தகட்டைப் பொருத்தினார். அதன் நடுவே எஃகுப் பொத்தான் ஒன்று படிந்திருக்குமாறு அமைத்தார். பொத்தான் தொடும் அழுத்தத்தைச் சரிசெய்ய ஒரு திருகாணியையும் வைத்தார். தகடும் பொத்தானும் வழியாக மின்கலத்தின் மின்சாரம் ஓடியது. பேசும்போது தகடு அதிரும். பொத்தானுக்கும் தகட்டுக்கும் இடையிலான அழுத்தம் நொடிக்குப் பல நூறு முறை மாறும். அழுத்தத்திற்கு ஏற்பத் தடை மாற, மின்னோட்டமும் குரலைப் போலவே ஏறி இறங்கும். பொத்தான் இறுக அழுந்தினாலும் கருவி பேசாது. முற்றிலும் விலகினாலும் பேசாது. தொட்டும் தொடாமலும் என்று தமிழில் ஒரு வழக்கு உண்டு. இக்கருவியின் இயல்பை அதைவிடச் சுருக்கமாகச் சொல்ல இயலாது.

மின்தூண்டு சுருளையும் இக்கருவியோடு அவர் இணைத்தார். தொலைபேசிக் கம்பியில் நெடுந்தூரம் குரல் செல்ல அது உதவியது.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் போதிய பணம் இல்லாமையால், காப்புரிமை அலுவலகத்திற்கான முன்னறிவிப்பு மனுவைப் பெர்லினர் தாமே எழுதினார். 1877ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் அது பதிவாயிற்று. அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. பதின்மூன்று நாள்கள் கழித்து, ஏப்ரல் 27ஆம் நாள், அதே நோக்கமுடைய மற்றொரு விண்ணப்பம் அவ்வலுவலகத்தை அடைந்தது. அதனை அளித்தவர் தாமஸ் ஆல்வா எடிசன்.

எடிசனுக்குக் காது சரியாகக் கேட்காது. அவரே குரலைத் தெளிவாகக் கேட்கச் செய்யும் கருவிக்காக உழைத்தார் என்பது வியப்புக்குரியது. பல பொருள்களை மாற்றி மாற்றிச் சோதித்த அவர், இறுதியில் விளக்குக் கரியை அழுத்திச் செய்த வில்லையைத் தேர்ந்தெடுத்தார். உலோகத்தைவிடக் கரி, அழுத்தத்திற்கு ஏற்பத் தன் தடையை நன்கு மாற்றிக்கொள்ளும். எடிசனின் ஒலிவாங்கியைப் பெற்ற வெஸ்டர்ன் யூனியன் நிறுவனம், பெல் நிறுவனத்தோடு கடும் போட்டியில் இறங்கியது. தெளிவாகப் பேச உதவும் ஒலிவாங்கி இல்லாமல் பெல் நிறுவனம் தவித்தது. அவ்வேளையில் அதன் கண்ணில் பட்டது, துணிக்கடை ஊழியரின் மனு. 1878இல் அந்நிறுவனம் பெர்லினரைப் பணியில் அமர்த்தியது.

அங்கே அவர் செய்த பணி பலருக்குத் தெரியாதது. பிரான்சிஸ் பிளேக் என்பவர் அமைத்த ஒலிவாங்கியையும் பெல் நிறுவனம் வாங்கியிருந்தது. அது நன்கு பேசியது. ஆனால் அடிக்கடி நிலைகுலைந்தது. நூற்றுக்கணக்கில் செய்து வீடுகளுக்கும் கடைகளுக்கும் அனுப்ப வேண்டிய கருவி அவ்வாறு இருக்கலாகாது. பெர்லினர் பாஸ்டன் நகரில் அதன் குறைகளைச் சீர்செய்து, ஒன்றுபோல் இயங்கும் கருவிகள் வெளிவர வழிசெய்தார். புதிதாக ஒன்றைக் கண்டுபிடிப்பவருக்குக் கிடைக்கும் புகழ் இத்தகைய வேலைக்குக் கிடைப்பதில்லை. ஆயினும் கண்காட்சியில் வியப்பளித்த கருவி கடைத்தெருவுக்கு வந்து சேர்ந்தது இத்தகைய உழைப்பினால்தான். 1882ஆம் ஆண்டிலேயே கல்கத்தா, பம்பாய், சென்னை நகரங்களில் தொலைபேசி நிலையங்கள் திறக்கப்பட்டன.

பெர்லினரின் காப்புரிமையோ எளிதில் கிடைக்கவில்லை. விண்ணப்பித்துப் பதினான்கு ஆண்டுகள் கழிந்தபின், 1891இல்தான் அது வழங்கப்பட்டது. பெல்லின் முதற் காப்புரிமை முடியும் தறுவாயில் இது வந்ததால், தனியுரிமையை நீட்டிக்கவே நிறுவனம் வேண்டுமென்று காலம் தாழ்த்தியது என அமெரிக்க அரசே வழக்குத் தொடுத்தது. 1897இல் உச்ச நீதிமன்றம் அரசின் வழக்கைத் தள்ளுபடி செய்தது. எனினும் பூசல் ஓயவில்லை. 1901இல் வேறொரு நீதிமன்றம் அக்காப்புரிமை செல்லாது எனத் தீர்ப்பளித்து, எடிசன் பக்கம் நின்றது. மெல்லத் தொடும் முனைகளைக் கொண்டு குரலை அனுப்பலாம் என்று முதலில் எழுதிப் பதிந்தவர் பெர்லினர். அதற்கு ஏற்ற பொருள் கரி என்று நிறுவியவர் எடிசன். இருவரில் ஒருவருக்கே முழு உரிமையும் என்று சட்டம் சொன்னாலும், கருவிக்கு இருவரும் தேவைப்பட்டனர்.

இருவர் மட்டும் அல்லர். ஹென்றி ஹன்னிங்ஸ் என்னும் ஆங்கிலப் பாதிரியார் 1878இல் கரி வில்லைக்கு மாற்றாகக் கரித்துகள்களைப் பயன்படுத்தினார். ஒரு தொடுமுனை இருந்த இடத்தில் எண்ணற்ற தொடுமுனைகள் உண்டாயின. குரல் மேலும் வலுப்பெற்றது. சாலைக் கடைகளின் கருநிறத் தொலைபேசிகளுக்குள் இருந்தவை இத்துகள்களே. நாளடைவில் அவை ஒன்றோடொன்று இறுகிப்போகும், குரல் மங்கும். மேசையில் தட்டினால் துகள்கள் தளர்ந்து, மீண்டும் தொட்டும் தொடாமலும் கிடக்கும்.

வழக்குகள் நடந்துகொண்டிருந்தபோதே பெர்லினர் வேறு துறைகளில் இறங்கினார். 1887இல் தட்டையான இசைத்தட்டையும் அதனை ஒலிக்கச் செய்யும் கிராமபோன் கருவியையும் உருவாக்கினார். ஒலிபெருக்கிக் குழல் முன் நாய் அமர்ந்திருக்கும் படம் பொறித்த இசைத்தட்டுகள் தமிழர் இல்லங்களிலும் ஒலித்தவை. அவ்விசைத்தட்டின் மூலவர் இவரே. தம் மகள் நோயுற்றுத் துன்பப்பட்டபின், குழந்தைகளுக்குத் தூய பால் கிடைக்க வேண்டும் என்பதற்காகவும் பல ஆண்டுகள் பாடுபட்டார். பாலைச் சூடாக்கி நுண்ணுயிர்களை அழித்த பின்னரே கொடுக்க வேண்டும் என்று ஊர்தோறும் அறிவுறுத்தினார்.

1929ஆம் ஆண்டு ஆகஸ்ட் 3ஆம் நாள், எழுபத்தெட்டாம் வயதில், வாஷிங்டன் நகரில் பெர்லினர் காலமானார். தமது இறுதிச் சடங்கு எவ்வாறு நடைபெற வேண்டும் என்பதை அவர் முன்னரே எழுதி வைத்திருந்தார். ஆடம்பரம் கூடாது; கைக்குழந்தையோடு இருக்கும் ஏழைத் தாய்மார் சிலருக்குப் பணம் கொடுக்க வேண்டும் என்பது அவர் விருப்பம்.