கரிவர்தன்: மாருதி 800 இன்ஜினை வைத்து பந்தய ஓட்டுநர்களை உருவாக்கிய கோவைக்காரர்

ஜோர்ஜ்டவுன் சுங்கை பினாங்வாசி என்றால் உங்களுக்கு இது தெரிந்திருக்கும். தீவின் மேற்குக் கரையில், பாலிக் பூலாவ் பக்கமும் ஒரு சுங்கை பினாங் இருக்கிறது. இங்கிருந்து அங்கே போக ஒரு வழி, ஆயர் ஈத்தாம், பாயா தெருபோங் கடந்து துன் சார்டோன் சாலையில் மலையேறி இறங்குவது.

மேனுவல் கியர் காரில் அந்த இறக்கத்தில் ஒரு விஷயத்தைக் கவனித்திருப்பீர்கள். வளைவு வருகிறது, நான்கில் இருந்து மூன்றாவது கியருக்கு மாற்றி கிளட்சை விடுகிறீர்கள். உடனே கார் ஒரு குலுக்கு குலுக்கும். பின்னால் உட்கார்ந்திருப்பவர் முன்சீட்டைப் பிடித்துக்கொள்வார்.

சாதாரண வேகத்தில் இது வெறும் அசௌகரியம்தான். பந்தய வேகத்தில் அதே குலுக்கல் காரைச் சுழற்றி தடத்துக்கு வெளியே தள்ளிவிடும். அதைத் தவிர்க்க பந்தய ஓட்டுநர்கள் ஒரு கால் வித்தையைப் பழகுகிறார்கள். தமிழ்நாட்டில் அந்த வித்தையைப் பழக ஏற்ற காரை, ஒரு தலைமுறைக்கே கட்டுபடியாகும் செலவில் உருவாக்கிக் கொடுத்தவர் கோவையைச் சேர்ந்த எஸ்.கரிவர்தன்.

யார் இந்த கரிவர்தன்?

1954-இல் பிறந்த கரிவர்தன், கோவையின் லட்சுமி மில்ஸ் தொழில் குடும்பத்தைச் சேர்ந்தவர். பந்தய வட்டாரத்தில் எல்லோருக்கும் அவர் 'கரி'. பஞ்சாலைக் குடும்பத்துப் பிள்ளை, வசதிக்குக் குறைவில்லை. வெளிநாட்டு கார் ஒன்றை வாங்கி ஓட்டிவிட்டுப் போயிருக்கலாம். அவருக்கு அது போதவில்லை. கார் ஓட்டுவதில் இருந்த ஆர்வம், கார் கட்டுவதிலும் இருந்தது.

அதற்கு கோவை சரியான ஊர். பம்ப்செட், மோட்டார், வார்ப்படம் என்று தெருவுக்குத் தெரு பட்டறை உள்ள நகரம் அது. ஜி.டி.நாயுடு போன்றவர்கள் இயந்திரங்களைப் பிரித்து, திருத்தி, புதிதாகச் செய்து காட்டிய மண். ஒரு பாகம் கிடைக்கவில்லை என்றால், லேத்தில் கொடுத்து நாமே கடைந்துகொள்ளலாம் என்ற துணிச்சல் அங்கே இயல்பாக இருந்தது. கரிவர்தனின் பந்தய அணியும் தயாரிப்பும் 'சூப்பர் ஸ்பீட்ஸ்' என்ற பெயரில் இந்தச் சூழலில்தான் வளர்ந்தன.

சோழவரம் எப்படி இருந்தது?

அந்தக் காலத்தில் தென்னிந்திய பந்தயம் என்றால் சோழவரம்தான். சென்னைக்கு வடக்கே, இரண்டாம் உலகப் போர் காலத்து விமான ஓடுதளம் அது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே நடத்திய பந்தயங்களைப் பார்க்க பெருங்கூட்டம் திரளும். கரிவர்தன் அங்கே வேகமான ஓட்டுநராகப் பெயர் எடுத்தார்.

ஆனால் ஒரு சிக்கல். தடத்தில் ஓடியவற்றில் பெரும்பாலானவை மாற்றியமைக்கப்பட்ட சாலைக் கார்கள். வெளிநாட்டில் இருந்து வந்த உண்மையான பந்தயக் கார்கள் சிலரிடம் மட்டுமே இருந்தன. இறக்குமதி வரி கடுமையாக இருந்த காலம் அது. ஆகவே யார் ஜெயித்தார் என்று பார்த்தால், பல நேரம் யாரிடம் நல்ல கார் இருந்தது என்பதுதான் பதிலாக வரும். திறமை இருந்தும் பணம் இல்லாத பையன் வேலிக்கு வெளியே நின்று பார்க்க வேண்டியதுதான்.

1988: ஃபார்முலா மாருதி

1983 டிசம்பரில் மாருதி 800 இந்தியச் சாலைக்கு வந்தது. 796 சிசி, மூன்று சிலிண்டர், நான்கு கியர், 40 குதிரைத்திறனுக்குள் அடங்கும் சக்தி. சந்தைக்குப் போகவும் பிள்ளையைப் பள்ளியில் விடவும் வாங்கிய குடும்பக் கார் அது. மலேசியாவில் 1994-இல் வந்த பெரொடுவா கஞ்சிலை நினைத்துக்கொள்ளுங்கள், அதே ஜாதி.

கரிவர்தன் இந்த இன்ஜினை வேறு கண்ணோடு பார்த்தார். மலிவானது, உதிரி பாகம் எங்கும் கிடைக்கும், எந்த மெக்கானிக்கும் கை வைப்பார். அதை ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் வைத்து, சக்கரங்கள் வெளியே தெரியும் ஒற்றை இருக்கை பந்தயக் காரை அவர் கட்டினார். 1988-இல் 'ஃபார்முலா மாருதி' பிறந்தது.

இதன் முக்கியத்துவம் வேகத்தில் இல்லை. எல்லோருக்கும் ஒரே மாதிரி கார், ஒரே இன்ஜின். அப்படி இருக்கும்போது வித்தியாசம் வர வேண்டும் என்றால், அது ஓட்டுநரின் கையிலும் காலிலும் இருந்துதான் வர வேண்டும்.

கியரைக் குறைக்கும்போது கார் ஏன் குலுங்குகிறது?

காரணம் எளிய கணக்கு. ஒரு காரில் மூன்றாவது கியரின் விகிதம் நான்காவதைவிட 1.4 மடங்கு என்று வைத்துக்கொள்வோம். நான்காவது கியரில் இன்ஜின் நிமிடத்துக்கு 2,500 முறை சுழல்கிறது என்றால், அதே வேகத்தில் மூன்றாவது கியரில் அது 3,500 முறை சுழல வேண்டும்.

நீங்கள் கிளட்சை மிதித்து கியர் மாற்றும் நேரத்தில் இன்ஜின் சுழற்சி கூடவில்லை, உண்மையில் குறைந்துகொண்டிருக்கிறது. கிளட்சை விட்டதும், அந்த வித்தியாசத்தைச் சக்கரங்கள்தான் ஈடுகட்ட வேண்டும். அதாவது, சக்கரம் இன்ஜினை இழுத்துச் சுழற்றுகிறது. அந்த இழுப்புதான் குலுக்கல்.

பின்சக்கரம் இயக்கும் பந்தயக் காரில் இது ஆபத்து. பிரேக் பிடிக்கும்போது காரின் பாரம் முன்னால் சாய்ந்து, பின்சக்கரங்களின் பிடி ஏற்கெனவே குறைந்திருக்கும். அந்த நொடியில் ஓர் இழுப்பு வந்தால் போதும், பின்பக்கம் வழுக்கிவிடும்.

ஹீல் அண்ட் டோ என்றால் என்ன?

தீர்வு, கிளட்ச் கீழே இருக்கும்போதே ஆக்சிலரேட்டரை ஒரு தட்டு தட்டி இன்ஜின் சுழற்சியை ஏற்றிவிடுவது. ஆனால் வலது கால் பிரேக்கில் இருக்கிறதே? அங்கேதான் வித்தை. வலது கால் ஒன்றே இரண்டு வேலையும் பார்க்க வேண்டும்.

- வளைவுக்கு முன், கார் நேராக ஓடும்போதே, வலது பாதத்தின் முன்பகுதியால் பிரேக்கை அழுத்துங்கள்.
- இடது காலால் கிளட்சை முழுதாக மிதியுங்கள்.
- கியரை ஒரு படி குறையுங்கள்.
- பிரேக் அழுத்தத்தை மாற்றாமல், வலது பாதத்தின் வெளி ஓரத்தைச் சாய்த்து ஆக்சிலரேட்டரை ஒரு தட்டு தட்டுங்கள்.
- சுழற்சி ஏறிய அந்தக் கணத்தில் கிளட்சை விடுங்கள்.
- பிரேக்கை மெல்லத் தளர்த்தி வளைவுக்குள் திரும்புங்கள்.

பெயரில் குதிகால் இருந்தாலும், இன்றைய கார்களில் பெடல்கள் அருகருகே இருப்பதால் பெரும்பாலானோர் பாதத்தின் ஓரத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள். எல்லாம் சேர்ந்து ஒரு நொடிக்குள் முடிய வேண்டும். சரியாகச் செய்தால் காருக்குள் இருப்பவருக்கு கியர் மாறியதே தெரியாது, சத்தம் மட்டும் மாறும்.

சின்ன இன்ஜின் ஏன் நல்ல வாத்தியார்?

மாருதி 800-இன் கியர்பாக்ஸில் நான்கே கியர். ஆகவே ஒரு கியருக்கும் அடுத்ததற்கும் இடைவெளி அதிகம். கியரைக் குறைக்கும்போது ஏற்ற வேண்டிய சுழற்சியும் அதிகம், தவறினால் குலுக்கலும் பெரிது. கார் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

இன்னொன்று, சக்தி குறைந்த இன்ஜினில் இழந்த வேகத்தை மீட்பது கடினம். பெரிய இன்ஜின் உள்ள காரில் வளைவில் தடுமாறினாலும், நேர் பாதையில் ஆக்சிலரேட்டரை மிதித்து ஈடுகட்டலாம். 796 சிசியில் அந்தச் சலுகை கிடையாது. வளைவில் விட்டது விட்டதுதான். சுத்தமாக ஓட்டுபவர் மட்டுமே முன்னால் இருப்பார்.

1995-இல் என்ன நடந்தது?

சோழவரத்துக்குப் பிறகு, ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே கட்டப்பட்ட தடம் வந்தது. கரிவர்தனின் கார்களுக்குச் சரியான மேடை கிடைத்த நேரம். 1990-களின் தொடக்கத்தில், ரேலி ஓட்டுநர் ஜி.ஆர்.கார்த்திகேயனின் மகன், கோவைப் பையன் நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா மாருதியில் அங்கே பந்தய வாழ்க்கையைத் தொடங்கினார்.

1995 ஆகஸ்டில் கரிவர்தன் சிறிய விமான விபத்து ஒன்றில் உயிரிழந்தார். அப்போது அவருக்கு நாற்பதை ஒட்டிய வயது. தான் கட்டிய காரில் இருந்து கிளம்பிய ஒருவர் எவ்வளவு தூரம் போவார் என்பதைப் பார்க்க அவர் இல்லை.

பத்து ஆண்டுகள் கழித்து, 2005 மார்ச்சில், நரேன் கார்த்திகேயன் ஜோர்டான் அணிக்காக மெல்பர்னில் களமிறங்கி ஃபார்முலா 1-இல் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். அடுத்த பந்தயம் மலேசியாவில், செபாங்கில். அதில் 11-வது இடம் பிடித்தார். அந்த ஃபார்முலா 1 காரில் கியர் ஸ்டியரிங்கில் இருந்தது, சுழற்சியை ஏற்றும் வேலையைக் கணினி பார்த்துக்கொண்டது.

இதில் ஒரு நியாயமான கேள்வி எழும். நரேனும் வசதியான குடும்பம்தானே? ஆமாம். மாருதி இன்ஜினால் பந்தயம் ஏழைகளின் விளையாட்டு ஆகிவிடவில்லை. ஆனால் வெளிநாட்டுக் கார் இல்லாமலே தொடங்கலாம் என்ற நிலை வந்தது. அந்த வழியில்தான் பின்னாளில் ஃபார்முலா எல்ஜிபி போன்ற உள்நாட்டு கார்களும் வந்தன.

நீங்கள் பழக விரும்பினால்?

உங்களிடம் பழைய மேனுவல் கஞ்சிலோ சாகாவோ இருந்தால் போதும். முதலில் இன்ஜினை அணைத்துவிட்டு, நின்ற காரில் காலை மட்டும் பழக்குங்கள். அடுத்து, ஆளில்லாத சமதரையில், பிரேக் இல்லாமல் ஆக்சிலரேட்டரைத் தட்டி கியரைக் குறைத்துப் பாருங்கள். அது பிடிபட்ட பிறகுதான் பிரேக்கைச் சேர்க்க வேண்டும்.

கியரை ஒவ்வொரு படியாகவே குறையுங்கள். வேகமாகப் போகும்போது தவறிப்போய் இரண்டாவது கியரில் போட்டு கிளட்சை விட்டால், சுழற்சி எல்லை மீறி இன்ஜினே உடையலாம்.

மலைச் சாலை பந்தயத் தடம் அல்ல. அங்கே இந்தப் பழக்கத்தின் பயன் வேகத்துக்காக இல்லை. குறைந்த கியரில் குலுக்கல் இல்லாமல் இறங்கினால் இன்ஜினே காரைப் பிடித்துக்கொள்ளும், பிரேக் சூடேறிப் பிடி விடும் ஆபத்து குறையும். வேகத்தைச் சோதிக்க ஆசை என்றால், செபாங் போன்ற தடங்களில் பொதுமக்கள் ஓட்ட அனுமதிக்கும் நாட்களுக்குக் காத்திருங்கள்.

மலேசியாவில் 2014 முதல், ஆட்டோ கார் மட்டும் ஓட்ட 'டிஏ' உரிமம் எடுக்கலாம். இடது காலுக்கு வேலையே இல்லாத ஒரு தலைமுறை வந்துவிட்டது. கோவை செட்டிபாளையத்தில், கரிவர்தன் பெயரைத் தாங்கிய 'கரி மோட்டார் ஸ்பீட்வே'யில் மட்டும், புதிதாக வரும் ஓட்டுநர்கள் இன்றும் சிறிய இன்ஜின் கார்களில்தான் தொடங்குகிறார்கள்.