அண்ணாவியாரைப் பல்கலைக்கழகத்துக்குள் அழைத்து வந்தவர்

பேராசிரியர் சு. வித்தியானந்தன் என்றதும் எங்களில் பலருக்கு முதலில் நினைவில் வருவது 1974 தை மாதம்தான். நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டைக் கொழும்பில் நடத்துவதா, யாழ்ப்பாணத்தில் நடத்துவதா என்ற இழுபறியில் யாழ்ப்பாணம்தான் என்று நின்று, நடத்தியும் காட்டியவர் அவர். தை 10ஆம் திகதி பொலிஸார் கூட்டத்துக்குள் புகுந்ததும் 9 உயிர்கள் போனதும் ஆண்டுதோறும் எழுதப்படுகின்றன. எழுதப்படவும் வேண்டும். ஆனால் எனக்கு அவர் வந்து சேர்ந்தது வேறு வழியால். கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் வடமோடிக் கூத்துப் பழகினேன். பட்டம் படிக்க வந்த பிள்ளைகள் சதங்கை கட்டி ஆடுவது எங்களுக்கு இயல்பான காரியமாக இருந்தது. அதை இயல்பாக்கியவர் யார் என்று பிறகுதான் தேடிப் படித்தேன்.

1924 வைகாசி 8ஆம் திகதி தெல்லிப்பழை வீமன்காமத்தில் பிறந்தவர். பல்கலைக்கழகத்தில் சுவாமி விபுலாநந்தரிடமும் பேராசிரியர் க. கணபதிப்பிள்ளையிடமும் படித்தார். இலண்டனில் கலாநிதிப் பட்டம் பெற்றார், பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராகக் கற்பித்தார். ‘தமிழர் சால்பு’ அவருடைய பெயரை நிலைநிறுத்திய நூல். இந்த அளவோடு நின்றிருந்தாலும் மதிப்பான வாழ்க்கைதான்.

1956இல் அதே பேராதனையில் கற்பித்த எதிரிவீர சரச்சந்திர ‘மனமே’ நாடகத்தை மேடையேற்றினார். சிங்கள ‘நாடகம’ மரபிலிருந்து எழுந்த படைப்பு அது. அந்த நாடகம தமிழ்க் கூத்தின் வழி வந்தது என்பது ஆய்வாளர் பலர் ஏற்றுக்கொண்ட கருத்து. எங்களுடைய சொத்தை வேர் எடுத்து அவர்கள் தங்களுக்கென்று ஓர் அரங்கைக் கட்டிக்கொண்டிருக்க, எங்கள் படித்தவர்கள் கூத்தைப் படியாதவர்களின் ஆட்டம் என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். அந்த ஒதுக்கலில் சாதியும் இருந்தது, அதை மறைக்கத் தேவையில்லை.

வித்தியானந்தன் கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுவுக்குத் தலைமை தாங்கியபோது ஊர் ஊராகப் போனார். மட்டக்களப்பு, மன்னார் என்று அண்ணாவிமாரைத் தேடிச் சந்தித்தார். ஏட்டிலும் கொப்பியிலும் கிடந்த ‘அலங்காரரூபன் நாடகம்’, ‘மூவிராசர் நாடகம்’ போன்றவற்றைப் பதிப்பித்தார். இவை பெரிய வேலைகள்தான். ஆனாலும் என் கணக்கில் அவர் செய்த துணிச்சலான காரியம், வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியாரைப் பேராதனை மாணவர்களுக்கு ஆசானாக்கியது. 1962இல் ‘கர்ணன் போர்’, அடுத்த ஆண்டில் தென்மோடியில் ‘நொண்டி நாடகம்’, பின்னர் ‘இராவணேசன்’, ‘வாலி வதை’. பட்டமில்லாத ஒரு கிராமத்துக் கலைஞரின் முன்னால் பட்டதாரி மாணவர்கள் கால்பயில நின்றார்கள்.

கூத்துப் பழகுவதென்றால் என்னவென்று ஆடிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஊரிலே அது மாதக்கணக்கில் நடக்கும். முதலில் சட்டம் கொடுப்பார்கள், அதாவது இன்னாருக்கு இன்ன பாத்திரம் என்று பாட்டுகளை ஒப்படைப்பார்கள். பிறகு கிழமைக் கூத்து, சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல், அரங்கேற்றம். எங்களுக்கோ விரிவுரை முடிந்த பின்னேரங்கள்தான் இருந்தன. முதல் நாட்களில் தாளக்கட்டுக்குக் கால் வைப்பது மட்டுமே. அது பிடிபட்டுவிட்டது என்று நினைக்கும்போது ஆடிக்கொண்டே பாடச் சொல்வார்கள். அங்கேதான் மூச்சு வாங்கும். கால் மத்தளத்தோடு போக, குரல் தருவோடு போக, நெஞ்சு இரண்டுக்கும் நடுவில் அடித்துக்கொள்ளும். பாடி முடித்ததும் பிற்பாட்டுக்காரர் வரியை வாங்கிக்கொள்ளும் அந்த இடைவெளிக்குள் மூச்சை எடுத்துக்கொள்ள வேண்டும். இதை எந்த விரிவுரையும் சொல்லித் தராது. பேராதனை மாணவர்களும் இப்படித்தான் மூச்சு வாங்கியிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

வித்தியானந்தன் கூத்தை அப்படியே மேடைக்குக் கொண்டுபோகவில்லை. விடியவிடிய ஆடுவதை ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் சுருக்கினார். நாலு பக்கமும் சனம் சூழ்ந்திருக்கும் வட்டக்களரியை விட்டு, ஒரு பக்கம் மட்டும் பார்க்கும் மேடைக்கு ஆட்டத்தைத் திருப்பினார். இதனால் கூத்து ஊரிலிருந்தும் கோயிலிலிருந்தும் பிரிந்துபோனது என்று பின்னாளில் விமர்சனம் எழுந்தது. அதில் நியாயம் உண்டு. வட்டக்களரியில் ஆடினால் மறைந்துகொள்ள ஒரு பக்கமும் இல்லை, ஆடுபவருக்கு அது தருகிற உரம் வேறு. ஆனால் அந்தச் சுருக்கம் இல்லாமல் கொழும்பும் யாழ்ப்பாணமும் அன்றைக்குக் கூத்தைத் திரும்பிப் பார்த்திருக்குமா என்பதும் கேட்க வேண்டிய கேள்விதான்.

வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலயத்தில் படித்துப் பேராதனைக்குப் போன சி. மௌனகுரு அந்தக் கூத்துகளில் ஆடியவர், ‘இராவணேசன்’ எழுதி இராவணனாகவும் ஆடியவர். 1981இல் அந்த வித்தியாலய வளாகத்திலேதான் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. அதுவே கிழக்குப் பல்கலைக்கழகமானது. பேராதனையில் 1983 வைகாசியில் தமிழ் மாணவர்கள் தாக்கப்பட்டார்கள். வந்தாறுமூலை வளாகம் 1990இல் அகதி முகாமானது. அந்த ஆண்டு புரட்டாதி 5ஆம் திகதி அங்கிருந்து கொண்டுபோகப்பட்ட 158 பேர் திரும்பி வரவில்லை. நாங்கள் சதங்கை கட்டிப் பழகியதும் அந்த நிலத்தில்தான். தங்கள் பிள்ளைகளின் படத்தோடு தாய்மார் அந்த வாசலுக்கு இன்றும் வருகிறார்கள்.

வித்தியானந்தன் 1979 முதல் 1988 வரை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். நூலகம் எரிந்ததும் இராணுவம் வந்துபோனதும் அந்த ஆண்டுகளில்தான். 1989 தை 21ஆம் திகதி காலமானார். அதற்கடுத்த ஆண்டில் வலிகாமம் வடக்குச் சனம் இடம்பெயர, அவர் பிறந்த வீமன்காமமும் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. ‘இராவணேசன்’ மட்டும் நிற்கவில்லை. மௌனகுரு அதைப் புதுக்கிப் புதுக்கி அடுத்தடுத்த தலைமுறை மாணவர்களைக் கொண்டு மேடையேற்றினார்.